நாலுநரம்புச் சங்கத்தின் ஏழாவது மெட்டு

பாகூர்
20 ஜனவரி 1936

சிரஞ்சீவி தம்பி நாகராஜனுக்கு அக்காள் கனகாம்பாள் ஆசி சொல்லி எழுதுவது. இங்கே அம்மா, உன் மாமா, நான், மண்டி, மாடுகள் எல்லாம் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி இருந்தது. பொங்கல் வேலை வந்ததும் காணாமல் போய்விட்டது. சைகோனில் உன் உடம்பு எப்படி? ஆபீசில் தலைக்கு மேல் விசிறி உண்டா என்று அம்மா கேட்கச் சொன்னார்.

நீ கொடுத்தனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. சொல்தா மாரிமுத்து கப்பலை விட்டு இறங்கித் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே நம் வெல்ல மண்டிக்கு வந்தார். "இந்தாம்மா, ஒந்தம்பி குடுத்துவுட்டது. மடியிலியே வெச்சினு வந்தன். வழியெல்லாம் நான் வாந்தி எடுத்தன், இதுக்கு ஒண்ணும் ஆவல" என்றார். பட்டாளத்தில் இருந்த மனிதர், அவர் வாந்தியைக்கூட அணிவகுப்பு மாதிரிதான் சொல்வார்.

பிரித்துப் பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. வீணையாகப் பிறக்க ஆரம்பித்துப் பாதியில் மனம் மாறியது போல் ஒரு சாமான். முழங்கை நீளம், நாலு நரம்பு. வெல்லம் விற்கிறவளுக்கு இது எதற்கு? பேர் யுகுலேலே என்று மாரிமுத்து சொன்னார். உன் மாமா இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "வாய் சுளுக்கிக்கும்டி. நாலுநரம்புன்னே வெச்சிக்கலாம்" என்றார்.

பிறகு மாரிமுத்து நாலு நரம்பையும் ஒரே இழுப்பில் தடவினார். தம்பி, எடை போட்டவன் தட்டை விட்டுவிட்டான். வண்டிக்காரர்கள் நுகத்தடியை இறக்கிவிட்டு உள்ளே வந்தார்கள். பஞ்சு கொட்டுகிற பக்கிரி தெருவில் போனவர், வில்லும் தோளுமாக வாசலிலேயே நின்றுவிட்டார். அன்றைக்கு என் மண்டியில் வியாபாரமே நடக்கவில்லை. எனக்குக் கோபமும் வரவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம்.

இதை யார் செய்கிறார்கள், எந்த மரம், எப்படி வளைக்கிறார்கள் என்று விசாரித்து உடனே எழுது. இங்கே நாலைந்து பேருக்குக் கை துறுதுறுக்கிறது. அதில் ஒரு கை என்னுடையது.

இப்படிக்கு உன் நலம் வேண்டும்
கனகாம்பாள்


சைகோன்
14 பிப்ரவரி 1936

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி நாகராஜன் வணக்கம். நான் நலம். அம்மாவின் மூட்டுக்கு நல்லெண்ணெய் தேய்க்கச் சொல்லவும். மாமாவுக்கு என் மரியாதை.

அந்த வாத்தியத்தை இங்கே கடைத்தெருவில் வாங்கினேன். கடைக்காரர் தாகித்தித் தீவில் பிறந்தவர். அதுவும் நம்மைப் போல் பிரெஞ்சுக் கொடி பறக்கிற ஊர்தான். அவருடைய தீவில் இதை எந்த மரத்தில் செய்வார்கள் என்று கேட்டேன். பைபிளுக்குள் வைத்திருந்த ஒரு காய்ந்த இலையை எடுத்துக் காட்டினார். அக்கா, அது பூவரசு. சத்தியமாகப் பூவரசு. நம் வாய்க்கால் கரையில் சும்மா நிற்கிறதே, அதே மரம். நான் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதிக் காட்டினேன். அந்தப் பெரிய மனிதர் நாற்காலியில் இருந்து விழப் பார்த்தார்.

ஆகவே மரம் தேடி அலையவேண்டாம். ஆனால் வீணைக் குடம் மாதிரி கட்டையைக் குடையக் கூடாது. மெல்லிய பலகையாக இழைத்து, சூடு காட்டி வளைத்து, வச்சிரம் காய்ச்சி ஒட்டவேண்டும். முன்பலகை எவ்வளவு மெலிதோ அவ்வளவு பேசும். விரலால் தட்டினால் பழுத்த பலாப்பழம் போல் பதில் சொல்லவேண்டும்.

வேலை அதிகம். பொழுது போவதே தெரியவில்லை. நீ என்ன செய்தாலும் எனக்கு எழுது. எல்லாவற்றையும் எழுது.

உன் தம்பி
நாகராஜன்


பாகூர்
8 மார்ச் 1936

தம்பி நாகராஜனுக்கு அக்காள் ஆசி. எல்லோரும் சுகம். அம்மா மட்டும் என்னோடு பேசுவதில்லை, காரணம் கீழே.

சங்கம் ஆரம்பித்துவிட்டோம். பாகூர் நாலுநரம்புச் சங்கம். எட்டுப் பேர். நான், உன் மாமா, மாரிமுத்து, பக்கிரி, வண்டிப் பட்டறை அந்தோணிசாமி, கூடை முடைகிற தையலம்மாள், இன்னும் இரண்டு கரும்பு ஆலைக்காரர்கள். விதி ஒன்றே ஒன்று: அவரவர் வாத்தியத்தை அவரவர் கையாலேயே செய்யவேண்டும், அடுத்தவர் கை படக்கூடாது. பாவம் அந்தோணிசாமி. மாதா கோயிலுக்குப் பெஞ்சு செய்தவர், உன் மாமா உளி பிடிக்கிற அழகைப் பார்த்தால் அவருக்கு நெஞ்சு வலிக்கிறது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "ஐயோ, கட்டையோட நரம்போட்டம் பாத்து இழைங்க, மரம் அழுவுது" என்று வாயால் மட்டும் வேலை பார்க்கிறார்.

நான் போட்ட ஏற்பாடு இது: உன் வாத்தியத்தை மண்டி உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அதுதான் மாதிரி. யாருக்கு எந்த அளவு வேண்டுமோ நூல் பிடித்து எடுத்துக்கொள்ளலாம். மாதிரி எப்படியோ சரக்கு அப்படி. கூடையில் வெல்லம் சுமந்து வில்லியனூர்ச் சந்தைக்கு நடந்த நாளில் இருந்து நான் நம்புவது அது ஒன்றைத்தான்.

பலகை வளைப்பதற்குப் புது வழி கண்டுபிடித்தோம். சூடு காட்ட வேண்டும் என்றாயே, இப்போது ஆலை ஓடுகிற காலம், கொப்பரையில் கருப்பஞ்சாறு கொதித்தபடி இருக்கிறது. பலகையை அதிலேயே முக்கினோம். வாழைப்பட்டை மாதிரி வளைகிறது. உன் தாகித்திக்காரரிடம் சொல்.

பக்கிரி தன் பஞ்சு வில்லுக்குத் திரிக்கிற ஆட்டு நரம்பையே மெலிதாகத் திரித்துத் தருகிறார். நரம்புக்கு மட்டும் விதியில் விலக்கு.

அம்மாவின் கோபம் இதுதான். நான் உளி பிடித்ததைப் பார்த்துவிட்டார். "எம்புள்ள சைகோன்ல பேனா புடிக்கிறான். எம்பொண்ணு இங்க ஆசாரி வேல பாக்குது. நெலம் வெச்சினு இருக்கற குடும்பம் செய்ற வேலையாடி இது" என்று கத்தினார். தெரு முழுக்கக் கேட்டது.

இன்னொரு சங்கடம். எட்டுப் பேரும் உட்கார இடமில்லை. தையலம்மாளும் பக்கிரியும் நம் கூடத்தில் உட்கார அம்மா சம்மதிக்கமாட்டார். அந்தோணிசாமி பட்டறையில் நாங்கள் உட்கார்ந்தால் உன் மாமாவின் அண்ணன்கள் குதிப்பார்கள். மண்டியோ வெல்லம் வந்தால் நிரம்பிவிடும். யார் வீடும் இல்லாத ஒரு பொது இடம் வேண்டும். கொம்யூன் நிர்வாகத்துக்குச் சொந்தமான பழைய சுங்கக் கொட்டகை பூட்டிக் கிடக்கிறது. அதைக் கேட்டுக் கொம்யூன் தலைவரான மேரிடம் போனேன். பிரெஞ்சு தேசிய விழாக் கமிட்டிக் காரியதரிசி சின்னப்பிள்ளை பக்கத்திலேயே இருந்தார். "வெல்லக்காரங்களுக்கு சங்கீதக் கொட்டாயா? அப்பிடின்னா ஜூலை பதினாலு மேடையில பேண்டோட சேந்து ஒரு பாட்டு வாசிச்சிக் காட்டுங்கோ, சாவியத் தர்றோம். காட்டலன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது" என்றார். மேர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "சரி" என்றேன்.

அந்தக் கொட்டகை கிடைத்தால் சங்கம் உண்டு. இல்லாவிட்டால் எட்டுப் பேரும் அவரவர் வீட்டில். அதனால் தெரிந்ததெல்லாம் எழுது.

அன்புடன்
கனகாம்பாள்


சைகோன்
29 மார்ச் 1936

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். நான் சுகம். உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன்.

முதல் வேலை: பலகையைக் கருப்பஞ்சாற்றில் முக்காதே. எறும்பு வரும். வெறும் தண்ணீரில் ஊறவைத்து, இரும்புக் குழாயின் உள்ளே தணல் போட்டு, அதன்மேல் வைத்து வளைக்கவேண்டும். ஈரத்துணி சுற்றிக்கொண்டால் கட்டைவிரல் வேகாது. மரம் இளகும் நேரத்தில் ஒரு வாசனை வரும், சோறு வடிக்கிற வாசனை மாதிரி. அது வந்ததும் நிறுத்தாமல் அழுத்து. ஒரு மூச்சு தாமதித்தாலும் 'டப்' என்று உடைந்துவிடும், அந்தச் சத்தம் கேட்டால் அன்று முழுக்கச் சாப்பாடு இறங்காது. முன்பலகைக்கு உள்ளே குறுக்குக் கட்டை இரண்டு போதும். மூன்று வைத்தால் வாத்தியம் முனகும். நரம்பைத் தாங்குகிற பாலத்தை ஒட்டுமுன் அந்த இடத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கவேண்டும். வழவழப்பில் வச்சிரம் பிடிக்காது.

இதெல்லாம் கடைக்காரர் சொல்லக் கேட்டது.

அக்கா, விரல் வைக்கிற பித்தளை மெட்டுகளைப் பதிக்க மட்டும் அவசரப்படாதீர்கள். நான் எழுதுகிறவரை பொறுங்கள். மாதிரியில் உள்ளபடியே வைக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை.

நீ உளி பிடிப்பதைப் பற்றி அம்மா சொன்னது படித்தேன். அம்மாவை வருத்தப்படுத்தாதே.

உன் தம்பி
நாகராஜன்


பாகூர்
26 ஏப்ரல் 1936

தம்பிக்கு ஆசி. சுகம். வெயில் தொடங்கிவிட்டது.

உன் கடிதத்துக்கு முன்னாலேயே எறும்பு வந்துவிட்டது. சிற்றெறும்பு, கட்டெறும்பு, ஊரில் உள்ள சாதி எல்லாம் வரிசை பிடித்து மண்டி உத்தரம் ஏறி வாத்தியங்களுக்குள் குடிபோய்விட்டது. உன் மாமா வாசிக்க எடுத்து மார்பில் அணைத்தவர், அப்படியே எழுந்து ஆடினார். பக்கிரி, "இன்னா மாமா, பாட்டு வர்றதுக்கு முன்னாடியே ஆட்டம் வந்துடுச்சி" என்றார். எல்லாவற்றையும் பிரித்து, வெந்நீரில் கழுவி, நீ சொன்ன குழாயில் மறுபடி வளைத்தோம். அந்த வாசனை வந்தது தம்பி. நீ எழுதியது போலவே சோறு வடிக்கிற வாசனை. நான் அழுத்தினேன். உடையவில்லை. என் வயதில் ஒரு பெண் தெருவில் குதிக்கக்கூடாது என்பதால் உள்ளே போய்க் குதித்தேன்.

எட்டும் முடிந்துவிட்டன. பேசுகின்றன.

மெட்டுக்குப் பொறுக்கச் சொன்னாய். கடிதம் வருமுன்பே பதித்தாகிவிட்டது. மாதிரியில் இருந்து நூல் பிடித்து, ஒரு மயிரிழை பிசகாமல். மாதிரிப்படி வைக்கக் கட்டாயம் இல்லை என்று எழுதியது எனக்கு விளங்கவில்லை. மாதிரியைக் காட்டிவிட்டு வேறு சரக்குப் போடுகிறவளா நான்?

அப்புறம், பாலம் ஒட்டுமுன் உப்புத்தாள் தேய்க்கும் விஷயம் அந்தோணிசாமிக்கே புதிது. "ஒந்தம்பி ஆபீசுல எழுதுறாரா, இழைப்புளி தள்றாரா" என்று கேட்டார். சிரித்தோம்.

ஜூலை பதினாலுக்கு வாசிக்கப்போகிற பாட்டு முடிவாகிவிட்டது. பேண்டுக்காரர்கள் அணிவகுப்புக்கு வாசிப்பது. மாரிமுத்துவுக்குப் பட்டாளத்தில் இருந்தே மனப்பாடம். உடனே பதில் போடு.

கனகாம்பாள்


பாகூர்
2 ஜூன் 1936

தம்பி நாகராஜனுக்கு ஆசி. இங்கே சுகம். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. காய்ச்சலா? கப்பல் தாமதமா? அம்மா ஈசுவரன் கோயிலுக்கு விளக்கு நேர்ந்திருக்கிறார்.

எங்கள் சேதி கேள். எட்டும் சேர்ந்து வாசித்தால் ஒரே வாத்தியம் மாதிரி இருக்கிறது. பாட்டு ஓர் இடத்தில் மேலே ஏறும். எட்டு விரலும் ஏழாவது மெட்டுக்குப் போகும். அங்கே எட்டும் ஒரே குரல். தையலம்மாள் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறாள். உளுத்துப்போன மரம் மாதிரி இருந்த என் காது முளைவிட்டிருக்கிறது.

பேண்டோடு சேரவேண்டுமே என்று ஒத்திகைக்கு மாதா கோயில் ஆர்மோனியத்தை அந்தோணிசாமி தள்ளிக்கொண்டு வந்தார். கீழே வாசிக்கிறவரை தேன். மேலே ஏறியதும், அந்த ஏழாவது மெட்டில், பல் கூசுகிறது. எலுமிச்சம்பழத்தைக் கடித்தது மாதிரி. திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தோம். அந்த ஓர் இடத்தில் மட்டும் ஆர்மோனியம் கெட்டுவிடுகிறது.

பஞ்சாயத்துப் பேசினோம். எட்டு வாத்தியம் ஒரு பக்கம், ஆர்மோனியம் ஒண்டி. எட்டுப் பேர் சேர்ந்து பொய் சொல்வார்களா? அதிலும் மாதிரி கடையில் வாங்கிய சரக்கு. ஆர்மோனியத்துக்குத்தான் உப்புக்காற்று பட்டிருக்கவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னோம். அந்தோணிசாமி அதைக் கழற்றி மண்டியில் பரப்பிவிட்டார். இப்போது திருப்பி மாட்டத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை ஆர்மோனியம் இல்லாமல் நடந்தது. சாமியார் அந்தோணிசாமியைப் பார்த்த பார்வையில் மெழுகுவத்தி உருகியிருக்கும்.

சரிதானே நாங்கள் சொல்வது? ஒரு வரி எழுது.

கனகாம்பாள்


பாகூர்
16 ஜூன் 1936
விமானத் தபால்

தம்பிக்கு,

சுகம். இன்னும் கடிதம் இல்லை. டவுனுக்குப் போய்ப் பேண்டுக் கிளாரினெட்டோடு வாசித்துப் பார்த்தோம். அதே இடத்தில் அதே எலுமிச்சம்பழம். கிளாரினெட்டையும் கழற்ற முடியாது.

சின்னப்பிள்ளைக்கு விஷயம் எட்டிவிட்டது. "இன்னாம்மா, கொட்டாய்க்கு வேற பூட்டு வாங்கட்டுமா" என்று கேட்கிறார். தையலம்மாள் வாத்தியத்தைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டாளாம்.

உனக்கு ஏதோ தெரியும் என்று எனக்குத் தோன்றுகிறது. பொறுக்கச் சொன்னவன் நீ. தெரிந்ததைச் சொல். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்காள்


சைகோன்
1 ஜூலை 1936
விமானத் தபால்

அக்காவுக்கு வணக்கம். எனக்குக் காய்ச்சல் இல்லை. அம்மாவிடம் சொல்லிவிடு.

ஆர்மோனியம் சரி. கிளாரினெட் சரி. மாதிரிதான் தப்பு.

ஏழாவது மெட்டு இருக்கவேண்டிய இடத்தை விட்டுத் தலைப்பக்கம் தள்ளியிருக்கிறது. ஒரு நெல்லின் அகலம் குடத்தின் பக்கம் நகர்த்தவேண்டும். மற்றவை எல்லாம் சரியாக இருக்கும். எட்டிலும் அதே பிசகு இருப்பதால் உங்களுக்குள் ஒற்றுமையாகக் கேட்கிறது.

அந்த வாத்தியம் ஒரு புது வேலைக்காரன் முதன்முதலாகச் செய்தது. எனக்கு அவனைத் தெரியும். அந்த ஒரு மெட்டை அளக்கும்போது அளவுகோலைத் தலைகீழாகப் பிடித்துவிட்டான். ஒட்டிக் காய்ந்த பிறகுதான் தெரிந்தது. கடைக்காரர் விற்பனைக்கு வைக்க மறுத்துவிட்டார். ஆனாலும் அவனுக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆசை. உடைத்துப்போட மனம் வரவில்லை. அதைத்தான் நான் உனக்கு அனுப்பினேன். சுவரில் மாட்டி வைப்பாய் என்று நினைத்தேன். எட்டுப் பேர் நூல் பிடித்து அளப்பார்கள் என்று யார் கண்டது?

இதை முன்பே எழுதியிருக்கவேண்டும். எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

வாத்தியத்தைப் பரணில் இருந்து எடுக்கும்படி தையலம்மாளிடம் சொல்.

நாகராஜன்


பாகூர்
16 ஜூலை 1936

என் தம்பி நாகராஜனுக்கு அக்காள் ஆசி. நாங்கள் எல்லோரும் சுகம், சுகத்துக்கும் மேலே. அவசரமாக எழுதுகிறேன், எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்.

உன் கடிதம் விழாவுக்கு மூன்று நாள் முந்தி வந்தது. ஏழாவது மெட்டுப் பற்றிய வரிகளை மட்டும் எல்லோருக்கும் உரக்கப் படித்தேன். பிறகு பக்கிரி ஆர்மோனியத் துண்டுகளைப் பார்த்து, "மன்னிச்சிக்கபா" என்றார். அந்தோணிசாமி உடனே தன் வாத்தியத்தின் மெட்டைப் பெயர்த்தார். வச்சிரம் அவர் கை வச்சிரம், விடுமா? கழுத்துப் பலகை நெடுக வெடித்துவிட்டது. ஊரிலேயே கைதேர்ந்தவர் அவர். அவர் பெயர்த்தே வெடித்தது என்றால் மற்ற ஏழையும் தொடக்கூடாது என்று முடிவு செய்தோம்.

தையலம்மாள் அழுதாள். மாரிமுத்து, "வுடுங்கோ, உடம்பு சரியில்லன்னு சொல்லிடலாம்" என்றார். எட்டுப் பேருக்கும் ஒரே நாளில் வயிற்றுப்போக்கு என்றால் சின்னப்பிள்ளை நம்புவாரா?

நான் வியாபாரி தம்பி. மூட்டையில் ஒரு அச்சு வெல்லம் கசிந்திருந்தால் மூட்டையையா கொட்டுவேன்? கசிந்ததை எடுத்துவிட்டு மீதியை விற்பேன். "ஏழாவது மெட்டத் தொடவே வேணாம். பாட்டு அங்க ஏறும்போது நரம்ப வுட்டுட்டு, உள்ளங்கையால பொட்டியத் தட்டுங்க. அந்த ஒரு சத்தத்த கிளாரினெட்டு வாசிச்சிக்கட்டும்" என்றேன். உன் மாமா என்னைப் பார்த்த பார்வை, கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை.

மேடை ஏறினோம். கொம்யூன் முழுக்க வந்திருந்தது; கரையாம்புத்தூரில் இருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். வெடித்துப்போன வாத்தியத்தோடு அந்தோணிசாமியும் ஏறினார். அவருக்கு நரம்பே இல்லை, தட்டுகிற வேலை மட்டும். பேண்டு ஆரம்பித்தது, நாங்கள் சேர்ந்தோம். பாட்டு மேலே ஏறியது. எட்டு உள்ளங்கையும் சேர்ந்து 'தப்' என்று விழுந்தன. அதற்கு மேலே கிளாரினெட் ஒற்றையாக, பருந்து மாதிரி நின்றது. கூட்டம் ஒரு நொடி திகைத்தது. அடுத்த முறை பாட்டு ஏறியபோது முன்வரிசையில் இருந்த ஆலைக்காரர்கள் எங்களோடு சேர்ந்து கை தட்டினார்கள். அதற்கு அடுத்த முறை மேரும் தட்டினார். கடைசியில் ஊரே அந்த இடத்துக்காகக் காத்திருந்து தட்டியது. மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். மறுபடி வாசித்தோம்.

இறங்கியதும் சின்னப்பிள்ளை வந்தார். "நல்லாத்தான் இருந்துது. நடுவுல நடுவுல தட்டுனீங்களே, அது இன்னா?"

"அது அந்தத் தீவு வழக்கம்" என்றேன்.

மாரிமுத்துவுக்கு இருமல் வந்துவிட்டது. பேண்டு மாஸ்டர் என்னிடம் வந்து, அதைத் தன் ஆட்களுக்கும் சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். மேர் மேடையிலேயே சாவியைக் கொடுத்தார். அதை எட்டுப் பேரும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறோம். இன்றைக்குத் தையலம்மாளின் முறை.

இனி உன் விஷயம். வெல்லத்தைக் கையில் எடுத்ததுமே உள்ளே மண் இருக்கிறதா என்று சொல்கிறவள் நான். ஒரு வருஷத்துக்கு மேலாக உன் கடிதத்தில் ஆபீசைப் பற்றி ஒரு வரி இல்லை. பலகை வளைகிற வாசனையோ பக்கம் பக்கமாக இருக்கிறது. ஒட்டிக் காய்ந்த பிறகு தெரிந்தது என்கிறாய், பார்க்கப் பார்க்க ஆசை என்கிறாய். அடுத்தவன் ஆசை உனக்கு எப்படித் தெரியும்?

நேராகக் கேட்கிறேன். அந்தப் புது வேலைக்காரன் நீதானே? ஆம் என்றால் திட்டமாட்டேன். இல்லை என்று எழுதினால் கப்பல் ஏறி வந்து திட்டுவேன்.

உன் அக்காள்
கனகாம்பாள்


சைகோன்
6 ஆகஸ்ட் 1936

அக்காவுக்கு வணக்கம். சுகம்.

நான்தான்.

நான் வேலை பார்த்த அரிசிக் கம்பெனியைப் போன வருஷமே மூடிவிட்டார்கள். வேறு ஆபீஸ் கிடைக்கவில்லை. தாகித்திக்காரர் கடையில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தேன். பெருக்கிய மரத்தூளின் வாசனை பிடித்துப்போய் ஒரு நாள் உளியைத் தொட்டேன். அவ்வளவுதான் கதை. இப்போது என் வாத்தியத்தில் எந்த மெட்டையும் நீ எந்த ஆர்மோனியத்தோடும் வைத்துப் பார்க்கலாம். மார்செய்த் துறைமுகம் போகிற மாலுமிகள் என் பேர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள்.

உன் கடிதத்தை மொழிபெயர்த்துப் பட்டறையில் எல்லோருக்கும் சொன்னேன். தட்டுகிற இடம் வந்ததும் தாகித்திக் கிழவர் எழுந்து நின்றுவிட்டார். தன் தீவில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது, ஆனால் இருந்திருக்கவேண்டும் என்றார். அன்று மாலை முழுக்க நாங்களும் தட்டிக்கொண்டே இருந்தோம்.

அக்கா, நான் இங்கே சந்தோஷமாக இருக்கிறேன். ஆபீசில் இருந்தபோது இந்த வரியை ஒரு கடிதத்திலும் நான் எழுதியதில்லை.

அம்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சொல்வதோ விடுவதோ உன் இஷ்டம்.

உன் தம்பி
நாகராஜன்


பாகூர்
30 ஆகஸ்ட் 1936

சிரஞ்சீவி தம்பிக்கு ஆசி. சுகம். மழை ஒன்று பெய்தது.

கொட்டகையைப் பெருக்கி வெள்ளை அடித்துவிட்டோம். எட்டுக்கும் புதுக் கழுத்துப் பலகை இழைத்து, ஏழாவது மெட்டை நெல் அகலம் நகர்த்தி வைத்தோம். இப்போது தட்டவேண்டிய அவசியமே இல்லை. ஆனால் தட்டாமல் வாசித்தால் ஊரில் யாரும் ஒப்புவதில்லை, வாசித்துக்கொண்டே தட்டுகிறோம். அரியூரில் இருந்து இரண்டு பேர், கரையாம்புத்தூரில் இருந்து ஒரு கொல்லர் சேர்ந்திருக்கிறார்கள். ஆர்மோனியத்தை டவுன் ஆள் வந்து மாட்டிக் கொடுத்தார். ஒரு திருகாணி மிஞ்சியிருக்கிறது, சாமியாரிடம் சொல்லவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. "கம்பெனி மூடிட்டாங்கம்மா. தம்பி வாத்தியம் செய்யுது. உளி புடிக்குது. நல்லா இருக்குது" என்றேன். அம்மா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். சாயங்காலம் நான் மண்டியைப் பூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். பக்கிரி நரம்பு திரித்துக்கொண்டிருந்தார், தையலம்மாள் கரையாம்புத்தூர்க் கொல்லருக்கு வளைக்கிற குழாயைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அம்மா வாசலுக்கு வந்து நின்றார். தையலம்மாள் சட்டென்று எழுந்தாள். "குந்துடி, வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே வந்தார். தரையெல்லாம் மரச்சுருள். உன் மாமா இழைத்துக்கொண்டிருந்த பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மாமா வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி தள்ளினார். அம்மா என் பக்கம் திரும்பினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"அவன் அங்க நின்னுகினு செய்றானா, குந்தினு செய்றானா? நாள் பூரா நின்னா காலு வீங்கிக்கும்டி அவனுக்கு. கேட்டு எழுது" என்றார்.

பதில் எழுது.

கனகாம்பாள்